துணைக்குப் போனவன்

கடைசியாக அவர்கள் கவலையில்லாமல் சண்டை போட்டது ஒரு காலுறைக்காக. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தம்பியின் கட்டைவிரல் காலுறைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. மானம் போகும் என்று அக்கா வேறு ஜோடியைத் தேடி எடுத்து வந்தாள். டாக்டர் பார்க்கப்போவது உன் இதயத்தை, என் கால்விரலை இல்லை என்று அவன் ஓட்டைக் காலுறையோடு கிளம்பினான்.

ஸ்கேன் அவளுக்குத்தான். படியேறினால் நெஞ்சு படபடக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் ஸ்கேன் எந்திரத்தின் வளையத்துக்குள் படுக்க வேண்டும் என்றதும் பயந்து வாசல் பக்கம் திரும்பினாள். சின்ன வயதில் தடுப்பூசி போடும்போதும் இப்படித்தான். அவள் அழுதால் இளையவன் முதலில் கையை நீட்டுவான். இப்போதும் தன் பெயரைக் கொடுத்து, தனக்கும் எடுக்கச் சொன்னான்.

"நான் முதல்ல போறேன். உசிரோட வந்தா நீ வா."

வந்தான். அவளும் போய் வந்தாள்.

இரண்டு இதயமும் நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். அவள் எழுந்தேவிட்டாள். டாக்டர் உட்காரச் சொன்னார். இதயத்தைப் படம் எடுக்கும்போது நுரையீரலும் கொஞ்சம் விழுமாம். தம்பியின் படத்தில் அந்த ஓரத்தில் ஒரு கட்டி தெரிந்தது.

"படம் மாறியிருக்கும் டாக்டர். இவன் சும்மா துணைக்கு வந்தவன்."

மாறவில்லை. அடுத்தடுத்த சோதனைகளில், அது மற்ற இடங்களுக்கும் பரவியிருப்பது தெரிந்தது.

தன் பயம்தான் அவனை அந்த வளையத்துக்குள் தள்ளியது என்று அவள் சாப்பிடாமல் கிடந்தாள். அவன் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அங்க போறதுக்கு முன்னாடியே அது இருந்துச்சுக்கா. நீ பயப்படலேன்னா எனக்குத் தெரியாமலே போயிருக்கும். சாப்பிடு. நாளைக்கு ஏணி பிடிக்க ஆள் வேணும்."

எலக்ட்ரீஷியன் ஆயிற்றே. தனக்குப் பிறகு அக்கா யாரையும் கூப்பிட்டுக் கெஞ்சக்கூடாது என்று, சிகிச்சைக்கு நடுவே வீட்டு வயரிங் முழுவதையும் மாற்றினான். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியாக மாட்டிய சமையலறைச் சுவிட்சு தலைகீழாகிவிட்டது. கழற்றப் போனவனுக்கு மூச்சு வாங்கியது. இருக்கட்டும், விடுடா என்றாள்.

அவன் போய் நான்கு மழைக்காலம் ஆகிறது. சமையலறை விளக்கு, சுவிட்சை மேலே தள்ளினால்தான் எரிகிறது.