பழகாத கை

"என்னால முடியாது. ஊர்ல உனக்கு வேற ஆளே கிடைக்கலயா?"

கணவன் வாஷிங் மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மூடியின் மேல் மனைவி எழுதிய தாள் கிடந்தது. காலடியில், கூடை நிறைய அவனுடைய சட்டைகள்.

"ஊர்ல இருக்காங்க. வீட்டுல நீங்க மட்டுந்தான்," என்றாள் அவள்.

கதவோரம் நின்ற மாமியார் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "ஆம்பளயத் துணி துவைக்க விட்டு வேடிக்க பாக்கறதுக்குப் பேரு படிப்பா? நல்லாருக்கு கத!"

பையன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மருமகள் சேர்ந்த படிப்பு அது: சாமான்களை எப்படி இயக்குவது என்று கையேடு எழுதுவது. அந்தத் தொழிலில் இருப்பவர் ஒருவரை ஒவ்வொரு மாணவருக்கும் வழிகாட்டியாகக் கல்லூரி இணைத்து வைத்திருந்தது. அவளுக்கு வாய்த்த வழிகாட்டி அவளைவிடப் பத்து வயது சின்னவள். இவள் அவளை 'மேடம்' என்பாள். அவள் இவளை 'அக்கா' என்பாள். இருவருமே விட்டுக்கொடுத்ததில்லை. இந்த வருடம் தன் அலுவலகத்தில் ஒருவருக்கு வேலை தரும்படி வழிகாட்டி சிபாரிசு செய்யலாம். அதற்கு, எழுதிய கையேட்டை ஒருவரிடம் கொடுத்துப் பார்த்த சோதனைக் குறிப்பு இன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும்.

முதல் சோதனைக்கு மாமியாரைத்தான் உட்கார்த்தினாள். மாமியார் தாளை ஏறெடுத்தும் பார்க்காமல் நான்கு பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விட்டாள். வழிகாட்டி அதை ஏற்கவில்லை.

"பழகின கைக்கு எதுக்கு அக்கா கையேடு? அந்த மெஷினை ஒருநாள்கூடத் தொடாத ஒருத்தர் வேணும். உங்க வீட்டுல அப்படி யாராவது இருக்காங்களா?"

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது பாதியில் நின்றுவிட்டது. இத்தனை வருடங்களில் அந்தக் கேள்வியை அவள் தனக்குத்தானே கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

இப்போது வழிகாட்டியின் முகம் அலமாரித் தட்டில் சாய்த்து வைத்த போனில் இருந்தது. "சார், கஷ்டமா இருந்தா விட்டுடுங்க. பக்கத்து வீட்டுல யாரையாவது கேட்டுப் பாக்கச் சொல்றேன்."

'கஷ்டம்' என்ற சொல் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அவன் சட்டைக் கையை மடித்தான். "இதுல என்னம்மா கஷ்டம்? ராக்கெட்டா விடப்போறேன்?"

"தொடங்கிட்டா நாங்க யாரும் வாயத் திறக்க மாட்டோம் சார். நீங்க தடுமாறினா தப்பு உங்களுது இல்ல, எழுதினவங்களுது."

"அது இந்த வீட்டுல தெரிஞ்ச விஷயந்தானே!" என்று அவன் சிரித்தான்.

அவள் பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளைச் சட்டைகளைத் தனியே பிரித்தான். உள்ளே திணித்தான். பிறகு, தாளில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, பழக்கத்தில் அவள் பக்கம் திரும்பினான்.

"தூளை எதுல போடணும்?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. கால்கள் தாமாகவே முன்னே போகப் பார்த்தன. இந்த வீட்டில் அவள் வாய்மூடி நின்ற பொழுதுகள் கணக்கில்லை. எல்லாமே பயந்து நின்ற பொழுதுகள். இன்றைய மௌனம் அவளுடைய வேலை.

"கேக்கறேன்ல? காது அடைச்சுப்போச்சா?"

"நகருடா, நான் போடறேன்." மாமியார் முன்னால் வந்தாள்.

அவள் கையை நீட்டிக் குறுக்கே மறித்தாள். "கொஞ்சம் இருங்க அத்தை."

நீட்டிய கை கீழே இறங்கவில்லை. மாமியார் அந்தக் கையை இன்றுதான் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

வேறு வழியில்லாமல் அவன் தாளைக் கையில் எடுத்து, முணுமுணுத்தபடி மறுபடி படித்தான். சிறிய இழுப்பறையைத் திறந்து தூளைக் கொட்டி, பொத்தானை அழுத்தினான். மெஷினுக்குள் தண்ணீர் இறங்கியது.

"அவ்வளவுதானா? இதுக்குத்தான் தினம் முதுகு வலி, இடுப்பு வலின்னு அலுத்துக்கறியா?" தாளை மூடிமேல் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்ச் சோபாவில் சாய்ந்தான். "முடிஞ்சுது. டீ கொண்டா."

மாமியார் தாளை எடுத்துப் புரட்டினாள். பின்பக்கம் முழுக்க எழுத்து. துணிகளை எடுத்து உதறவும். கொடியில் விரிக்கவும். மழை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். காய்ந்ததும் மடிக்கவும். அவரவர் அலமாரியில் அடுக்கவும். மகனைக் கூப்பிட வாயெடுத்தவள், என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். தாளை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மருமகள் தன் குறிப்பில் எழுதினாள்: 'முதல் பக்கத்தோடு வேலை முடிந்துவிட்டதாக வாசகர் நினைக்கிறார்.'

போனிலிருந்து வழிகாட்டியின் குரல் தணிந்து வந்தது. "இதோட குறிப்பை அனுப்பிடலாமா அக்கா?"

"இருங்க மேடம். பாதியில அனுப்பக் கூடாது."

மெஷின் சுற்றி ஓய்ந்து, கூவத் தொடங்கியது. விடாமல் கூவியது.

"அங்க கத்துது பாரு!" என்றான் கணவன் கூடத்திலிருந்து. "காதுல விழலயா?"

"விழுதுங்க," என்றாள் அவள், இருந்த இடத்திலிருந்தே. "சோதனை இன்னும் முடியல."