எட்டாம் பக்கம்

...இல்லை, ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றிப் படிக்கவில்லை, 'கடும் நெருக்கடி வந்தால் நான்கு வங்கிகள் தாங்காது' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது, அதில் எங்கள் வங்கியும் ஒன்று, காலையில் கிடங்கு வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்து எப்போதும்போல கூட மூட்டை தூக்குகிற எல்லோருக்கும் சத்தமாகப் படித்தேன், செய்தி முடியவும் வேலைச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது, இந்தத் தடவைதான் ஒரு செய்தியை முழுசாகப் படித்து முடித்தேன் என்று பெருமை வேறு... அடியில் பொடி எழுத்தில் '8-ம் பக்கம்' என்று இருந்ததை ஏதோ பக்க எண் என்று விட்டுவிட்டேன். தலை நரைத்த பிறகு இரவுப் பள்ளிக்குப் போனவன், ஒரு செய்தி ஓரிடத்தில் நின்று வேறு பக்கத்தில் போய்த் தொடரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மூட்டைகளைப் போட்டது போட்டபடி எல்லோரும் வங்கிக்கு ஓடி வந்துவிட்டோம்.

இப்போது வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் தையல்காரர் வெயிலுக்கு அதே பத்திரிகையைத் தலைக்குமேல் பிடித்திருக்கிறார், உள்பக்கம் என் முகத்துக்கு நேரே, 'முதல் பக்கத் தொடர்ச்சி'... எழுத்துக்கூட்டுகிறேன், வங்கிகளின் பலத்தை அறிய ஆண்டுதோறும் போடப்படும் ஒத்திகைக் கணக்கு இது... உண்மையில் அப்படி எதுவும் நடக்கவில்லை... இன்று எல்லா வங்கிகளும் உறுதியாக... அவர் கை மாற்றிக்கொண்டார், போதும், புரிந்துவிட்டது. கிடங்கில் வருஷம் ஒருமுறை புகை போட்டு எங்களை வெளியே ஓடவிட்டுப் பார்ப்பார்களே, அதுபோல. நான்தான் தீ என்று கத்தியிருக்கிறேன்.

எங்களுக்கு முன்னே ஓடி வந்து நின்ற அக்கா வங்கியிலிருந்து வெளியே வருகிறாள், மகள் படிப்புக்குப் போட்ட வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே உடைத்துவிட்டாள், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "வட்டி போனா போகுதுடா, அசலாவது தப்பிச்சுது. நீ மட்டும் படிக்கலேன்னா..." என்று என் கன்னத்தைத் தொடுகிறாள், அந்த இடம் எரிகிறது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு... என் கை அவள் பையின் வாயை இழுத்து மூடிவிடுகிறது. எனக்கு அடுத்துப் பின்னால் நிற்கும் மச்சான், வழியில் நின்று பார்க்கும் ஓர் ஆட்டோக்காரரிடம், "எங்க வாத்தியார் சொன்னா அது கல்வெட்டு" என்கிறான், "எனக்கு வாத்தியாரெல்லாம் வேணாம்பா, இவ்வளவு பேரு சும்மாவா நிப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே அவரும் வரிசையில் சேர்கிறார். வாத்தியார். எனக்குக் கிண்டலுக்கு வைத்த பெயர் எப்போது மரியாதையானது, நான்தான் கவனிக்காமல் இருந்தேனா, இல்லை, கவனித்தேன், அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

காவலாளி கதவைப் பாதி சாத்திவிட்டு, "உள்ள இருக்கிற பணம் இன்னும் பத்துப் பேருக்குத்தாங்க வரும், மத்தவங்க நாளைக்கு வாங்க" என்கிறார். "பாத்தீங்களா, வாத்தியார் சொன்னது அப்படியே நடக்குது" என்று மச்சான் குரல், அதில் பயமும் இருக்கிறது. வங்கி நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும், இந்த வரிசையிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்... ஆனாலும் என் கண், முன்னால் நிற்கும் தலைகளை எண்ணுகிறது. நான் பத்தாவது. மச்சான் பதினொன்று. தையல்காரர் ஓரடி முன்னே வைக்கிறார், என் காலும் வைக்கிறது.