பிரீனா பாடிய பாட்டு

பிரீனா மொத்தம் இருபத்து மூன்று டேக் பாடினாள். ஒன்றிலும் ஒரு வரி கூட முழுசாகத் தேறவில்லை. சொல்லப் பாவமாகத்தான் இருக்கிறது. நல்ல பிள்ளை, பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள், வரும்போது எனக்கும் ஒரு பொதி சிப்ஸ் வாங்கி வந்தாள். ஆனால் சுருதி என்று ஒன்று இருப்பதாக அவளிடம் யாரும் சொல்லவில்லை.

புதுக்கடை ஊரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்டுடியோ. முதலாளி முருகதாஸ் அண்ணன். நான் லிஜா, எடிட்டிங் என் வேலை. முதல் வரியை நாலாவது டேக்கிலிருந்தும் இரண்டாவது வரியை ஒன்பதாவதிலிருந்தும் பொறுக்கியெடுத்து, ஒட்டு தெரியாமல் சேர்த்து, ஒரே தடவையில் பாடியது போல ஆக்கித் தருவேன். இன்னொரு வேலையும் உண்டு. பாட வருகிறவர்களுக்கு மெட்டு பிடிபட வேண்டும் என்று முழுப் பாட்டையும் முதலில் நான் பாடி வைப்பேன். அதற்கு டிராக் என்று பெயர். ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே அவர்கள் பாடுவார்கள். வேலை முடிந்ததும் என் குரலை நானே அழிப்பேன். பதினோரு வருடமாக அழித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கடற்கரை மாதா கோயில்களில் திருவிழாவுக்குத் திருவிழா ஆல்பம் போடுவார்கள். ஒவ்வொரு பாட்டும் ஒரு குடும்பத்தின் உபயம். உபயக்காரர் வீட்டுப் பிள்ளைதான் பாட வேண்டும் என்பது எழுதாத சட்டம். பிள்ளைக்குக் குரல் உண்டா என்று கேட்பது மரியாதை இல்லை. அந்த மரியாதையின் பலனை அனுபவிப்பது நான்.

ரெக்கார்டிங் நேரத்தில் ஃபேனை நிறுத்திவிடுவோம். வியர்த்து வழிய பிரீனா பாடினாள், நான் கேட்டேன். உச்சத்துக்குப் போகிற கடைசி வரி வந்தால் மட்டும் அவளே கண்ணை மூடிக்கொள்வாள். அவள் போன பிறகு முருகதாஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“ஏட்டி லிஜா, அந்தக் கடைசி வரி ஒண்ணும் செரியாவாது. உன் டிராக்க அங்ஙன வச்சுரு. ஒருத்தனுக்கும் தெரியாது.”

“அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?”

“அதுக்குத்தான் மொதல்ல தெரியாது.”

வைத்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதற்கு முந்தின வரி இப்போது பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றது, அதையும் மாற்றினேன். பிறகு அதற்கு முந்தினது. மூன்று நாளில் பாட்டு முழுக்க நான்தான் இருந்தேன். பிரீனாவுக்கு இரண்டு ‘அம்மா’ மட்டும் மிச்சம் வைத்தேன். கொஞ்சம் எதிரொலி சேர்த்ததும் அந்த வித்தியாசமும் கரைந்துவிட்டது. செய்தது களவுதான். ஆனால் அந்த மூன்று நாளும் எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாண வாரத்தில் கூட இருந்ததில்லை.

ஊருக்குத் தெரிய வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஒரே ஒருவருக்குத் தெரிந்தால் போதும். என் வீட்டுக்காரர் விபின் ஏழு வருடமாகக் குவைத்தில். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெள்ளிக்கிழமை கூப்பிடுவார். மற்ற நாளில் வீட்டில் நான் வாய் திறந்து பேசுவது ரைஸ் குக்கரோடுதான், அதுவும் திட்டுவதற்கு. கல்யாணத்துக்கு முன்னால் கோயில் கொயரில் அவர் கீபோர்டு வாசித்தார். முப்பது பேர் சேர்ந்து பாடினாலும், நான் எந்த வார்த்தையில் சேர்ந்தேன், எங்கே மூச்சு வாங்கினேன் என்று பிறகு வந்து சொல்லுவார். அந்தக் காது இந்தப் பாட்டைக் கேட்டால் கண்டுபிடிக்காமல் இருக்காது. கண்டுபிடித்துவிட்டால் நான் இன்னும் அவருக்குள் எங்கேயோ இருக்கிறேன் என்று அர்த்தம். எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

பிரீனா வந்து பாட்டைக் கேட்டாள். முதல் வரியிலேயே கண் நிறைந்துவிட்டது.

“அக்கா, நான் இவ்வளவு நல்லாவா பாடுனேன்?”

“பின்னே?” என்றேன். முருகதாஸ் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை கொடியேற்று. சாலை நெடுக விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பாட்டு வந்தது. ‘பாடியவர் செல்வி பிரீனா’ என்று அறிவித்துவிட்டு என்னைப் போட்டார்கள். மீன்காரம்மா கையைக் கழுவிக்கொண்டே, “ஆருக்க மவளோ, என்னா பாடுகா!” என்றாள். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் பாட்டை வாட்ஸ்அப்பில் விபினுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இரண்டு டிக்கும் நீலமாயிற்று. பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை கூப்பிட்டு வாயால் சொல்லத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டார். கேம்பில் ஏசி ஓடவில்லை என்றார். அவருடைய அம்மாவின் முட்டுவலியைப் பற்றிக் கேட்டார். பொறுக்கமுடியாமல் நானே ஆரம்பித்தேன்.

“பாட்டு கேட்டியளா?”

“எது?”

“புதங்கிழம அனுப்புனேனே.”

“ஆ, அது. கேட்டேன், கேட்டேன். ரூம்ல எல்லாவனுக்கும் போட்டுக் காட்டுனேன். கொள்ளாம், நல்லாருக்கு கேட்டியா. யாரு பாடுனது?”

“நீங்க சொல்லுங்க.”

“எனக்கு எப்படித் தெரியும்? புது பிள்ளையா?”

அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தேன். அங்கே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“பிரீனான்னு ஒரு பிள்ள,” என்றேன். “பெங்களூர்ல நர்சிங் படிக்கா.”

“நல்ல குரலு.” பிறகு அன்போடுதான் சொன்னார்: “ஏட்டி, நீயும் பண்டு இப்படித்தானே பாடுவ. ஓர்மை இருக்கா?”

“இருக்கு,” என்றேன்.