இடது கன்னத்து நிழல்

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்குரியா ஓவிய வகுப்பில் நான்கு பேர் இருந்தார்கள். வாசலை ஒட்டிய மர நாற்காலியில் ஆசிரியர் நிகில் ஸர்க்கார். ஜன்னலோரம், வெளிச்சம் நேராக விழும் இடத்தில், கல்லூரியில் படிக்கும் தீப்தி. அவளுக்குப் பின்னால் வங்கி அதிகாரி சுப்ரியா. சுவர் மூலை ஸ்டூலில், கஸ்டம்ஸ் சூப்பரிண்டெண்ட் அனந்தகிருஷ்ணன். எல்லோருக்கும் எதிரே, பலகையில் குத்தப்பட்டு, சால்வை போர்த்திய ஒரு ருஷ்யப் பெண். பழைய மேதை ஒருவர் வரைந்த எண்ணெய் ஓவியத்தின் அச்சுப் பிரதி.

அனந்தகிருஷ்ணன் அவளை நான்காவது முறையாக நகலெடுத்துக்கொண்டிருந்தார். சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் இந்தியா மேப்பைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கிய அதே முறைதான். டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு முதலில், எண்ணெய் கூடியது அதன் மேல் என்று வரிசை தவறியதில்லை. ஆனாலும் இடது கண்ணுக்குக் கீழே இறங்கும் அந்த நிழல், சாம்பலும் இல்லாத பழுப்பும் இல்லாத நிழல், அவர் தூரிகைக்கு வந்ததும் சேறாகிவிடும்.

ஸர்க்கார் பின்னால் வந்து நின்றார். வங்காள மொழியில் சொன்னார்: "மூக்கு வந்திருக்கு, கண்ணு வந்திருக்கு. நிழல்தான் வரல, அனந்தபாபு. அவளோட துக்கம் பூரா அதுலதான இருக்கு."

"அடுத்த வாரம் என் மனைவிய உட்கார வெச்சு..."

"நகல் தேறாம நேர்ல ஆள வரையறது கிடையாது. இங்க யாருக்குமே கிடையாது."

அனந்தகிருஷ்ணனுக்கு மாதக் கடைசியில் விசாகப்பட்டினத்துக்கு மாற்றல். மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு. இந்த ஜன்னல் வெளிச்சத்தில், ஸர்க்கார் பக்கத்தில் நிற்க, மனைவி ஜலஜாவை ஒருமுறை வரைந்துவிட வேண்டும் என்றுதான் இரண்டு வருடமாக வருகிறார். அவளும் மூன்று தடவை புடவை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். "என் மூஞ்சிக்கு நீங்க வர்றதுக்குள்ள எனக்கு வேற மூஞ்சி வந்துரும்ங்க" என்பாள்.

தூரிகை கழுவும்போது தீப்தி போனை நீட்டினாள். அவளுக்கு அவர் காக்கு, சித்தப்பா. "காக்கு, மியூசியம் சைட்ல ஒரிஜினல் போட்டிருக்காங்க. பாருங்க."

விரலால் பெரிதாக்கினார். கன்னம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நிழலே இல்லை. பலகையைத் திரும்பிப் பார்த்தார். தாளின் ஓரத்தில் தொடங்கி, சால்வையைக் கடந்து, கன்னத்தில் போய் நின்றிருந்தது, ஏதோ ஒரு மழைக்காலத்தின் ஈரக்கறை. இத்தனை நாள் கன்னத்தைப் பார்த்தாரே தவிர, தாளைப் பார்க்கவில்லை. சுவரில் பழைய மாணவர்களின் நகல்கள் வரிசையாகத் தொங்கின. அத்தனை கன்னங்களிலும் அந்தத் துக்கம். முதலாவது ஸர்க்காரே வரைந்தது.

"மாஸ்டர்மோஷாய்கிட்ட சொல்லவா?" தீப்தி ஸர்க்கார் பக்கம் பார்த்தாள்.

"நீ சும்மா இரு."

வீட்டில், அந்தக் கறையைப் பற்றி ஸர்க்காருக்கு எண் போட்டு ஏழு குறிப்புகளாக ஆங்கிலத்தில் எழுதினார். பேனா தாளைக் கிழித்தது. ஜலஜா வாங்கிப் படித்தாள்.

"இது லெட்டரா, மெமோவா? மனுஷன் படுத்துருவார்."

கிழித்துவிட்டு மறுபடி எழுதினார்: 'ஐயா, அந்த நிழல் எனக்கு வரவில்லை. இனியும் வராது. ஞாயிறன்று என் மனைவியை அழைத்து வருகிறேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி தர வேண்டும்.'

மியூசியம் படத்தைக் கலரில் அச்செடுத்து வைத்திருந்தார். உறைக்குள் வைத்தார். எடுத்தார். பிறகு, கன்னத்தில் கோடு விழாதபடி பார்த்து மடித்து, திரும்ப உள்ளே வைத்து, பசை தடவி அழுத்தினார்.

தபால் பெட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் கவனித்தார். உறையின் வெள்ளை மேல், கழுவியும் போகாமல் அவர் கட்டைவிரலிலிருந்து ஒட்டிய பழுப்புச் சாயம். நகத்தால் சுரண்டினார், இன்னும் பரவியது. அப்படியே உள்ளே போட்டார்.