பேர் சுரண்டிய பெரல்கள்

ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகள் இன்னும் உறுமத் தொடங்கவில்லை. அதற்குள் இராமலெட்சுமி கணுக்கால் வரை நுரையில் நின்றாள். கொதிக்கும் கோஸ்டிக் சோடாவின் ஆவி முகத்தை அவித்தது. பீப்பாய் போன்ற ஒரு நீலப் பெரலைச் சரித்து, மூடியைத் திருகி, வாயருகே குனிந்து ஒரு மூச்சு இழுத்தாள்.

"தின்னர்!"

அடுத்தது. "பசை!"

கம்பனிகள் கழித்துவிடும் இரசாயனப் பெரல்களைக் கழுவி, தண்ணீர் பிடிக்க விற்பது ஹியூபேட் முதலாளியின் வியாபாரம். எதில் என்ன இருந்தது என்று மேலே ஒட்டிய லேபல் சொல்லும். எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடும். அது வாங்குபவர்களுக்குத் தெரியக் கூடாதே! அதனால் லொறியில் ஏற்றும்போதே லேபலைச் சுரண்டிவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. பிறகு லெட்சுமியின் மூக்குதான் லேபல். அவள் சொல்ல, ஸியாம் சோடா ஊற்றுவான். வருசக்கணக்காக அப்படித்தான்.

முந்தாநாள் ஒரு பெரலில் மூக்கு எதையும் பிடிக்கவில்லை. "வெறுந் தண்ணி, ஊத்து தம்பி" என்றாள். ஸியாம் ஊற்றினான். பெரல் சீறியது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டான்.

"லெச்சுமி அக்கா," பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த நபீஸ் குரலைத் தாழ்த்தினான். "ஸியாம் நானாட வலக்கண் போனது போனதுதானாம். டொக்டர் சென்னாராம்."

"எம் மூக்குதாண்டா அவன் கண்ணத் தின்னுச்சு" என்றாள் லெட்சுமி.

மதியம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். என்றும் இல்லாத அதிசயம், நாற்காலி போட்டிருந்தது. தேநீரும் வந்தது.

"மகள் கெமிக்கல் இஞ்சினியரிங் படிக்கப் போறாவாம்?"

"எடம் கெடைச்சிருக்குங்க. தனியார் கெம்பஸ். நாலு வருசத்துக்கு முப்பத்தாறு லச்சம்."

"முடிச்சா என்ன சம்பளம்?"

"மாசம் ஒரு லச்சம் கெடைக்கலாம்ங்கிறா. பேங்க்ல கடன் எடுத்தா, வட்டியோட கட்டி முடிக்கவே பத்து வருசம் போயிருமாம்."

"கடன் என்னத்துக்கு? முதல் வருசக் காசு ஒம்பது லட்சத்தையும் நாளைக்கே நான் கட்டுறன்." அவர் முன்னால் சாய்ந்தார். "காலையில லேபர் ஒபிஸ்ல இருந்து மாத்தயா விசாரிக்க வாறார். ஸியாம் உங்களைக் கேக்காமத் தன்ட பாட்டுக்கு ஊத்தினான் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்கும் பிழை வராது."

"அப்ப ஸியாமுக்கு நட்டஈடு?"

"அவன்ட பிழைக்கு நான் ஏன் குடுக்கிறது?"

தேநீரில் ஆடை படிந்தது. லெட்சுமி அதைத் தொடவில்லை.

கொட்டாஞ்சேனை ஒற்றை அறையில் துஷாந்தினி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் தரம் உயர்தரப் பரீட்சை எழுதியும், அரச பல்கலைக்கழகத்துக்கான கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி மயிரிழையில் அவளைத் தள்ளிவிட்டது. வெட்டுப்புள்ளி குறைந்த நுவரெலியாவில் இருந்து எழுதியிருந்தால் இலவசமாகவே படிக்கலாம். பிழைப்புக்காகக் கொழும்புக்கு இறங்கிய குடும்பத்துக்கு அந்தப் புள்ளி எட்டவில்லை.

அம்மா சொல்லச் சொல்ல மகளின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. மறுகணம் சுருங்கியது.

"அம்மா, அந்தப் பெரல்ல மணமே இல்லையா?"

"துளிகூட இல்ல. கவுந்த பொறகுதான் பாத்தேன், எண்ணெ மாதிரி ஓடுச்சு."

"அது சல்பூரிக் அசிட் அம்மா! அதுக்கு மணம் இல்ல. சோடா பட்டாக் கொதிச்சுச் சீறும். எந்த மூக்காலயும் பிடிக்க ஏலாது. லேபல் இருந்திருந்தா ஸியாம் மாமாட கண் இருந்திருக்கும்."

லெட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன்னையே கொன்றுகொண்டிருந்த பழி இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறியது. உண்மையைச் சொன்னால் மகளின் படிப்பு போய்விடும்.

"நாளைக்குத்தானே கட்டக் கடைசி நாள்?"

"ஓம்." துஷாந்தினி எழுந்தாள். "அந்தக் காசில படிச்சா, மாமாட முகத்தை எப்பிடிம்மா பாக்கிறது?" முகம் கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

காலையில் அதிகாரி முன்னால் லெட்சுமி ஒன்றையும் மறைக்கவில்லை.

ஹியூபேட்டின் மரியாதை பறந்தது. "மூக்கு உன்ட! பிழையும் உன்ட!"

"மூக்கு என்னோடதுதாங்க. லேபலச் சொரண்டச் சொன்ன வாய் ஒங்களோடது."

அதிகாரி எழுதிக்கொண்டார், விசாரிப்போம் என்றார், போய்விட்டார். அவ்வளவுதான்.

"லெட்சுமி இனி வரத் தேவையில்ல. மத்தவங்க, லொறி வந்ததும் இறக்குங்க!"

நபீஸ் பிரஷ்ஷைச் சேற்றில் போட்டான். "பேரில்லாத பெரல் ஒண்டும் இறங்காது முதலாளி. ஸியாம் நானாக்கு நட்டஈடு, அக்காக்கு வேல. ரெண்டும் வரட்டும்."

"பிச்சை எடுப்பீங்கடா!"

"இப்ப மட்டும் எனத்த எடுக்கியம்?"

சிலர் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள். ஆனாலும் எல்லாரும் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். வெயில் ஏறும் வேளையில் துஷாந்தினி வந்தாள்.

"கெம்பஸ்?" என்றாள் லெட்சுமி.

"போகல்ல. மூண்டாம் தரம் எழுதுறன்." அம்மாவின் அருகே உட்கார்ந்தாள். "இந்த முறையும் தவறினாப் பிறகு பாப்பம்."

அம்மா அவள் கையைப் பற்றிக்கொண்டாள். சோடா தின்ற விரல்கள் சொரசொரத்தன.

வாசலில் பெரல் லொறி ஹோர்ன் அடித்தது. "மொகத மல்லி?" என்ன தம்பி என்று சிங்களத்தில் கேட்டுத் தலையை நீட்டினான் சாரதி. ஸியாமின் கண் போன கதையை நபீஸ் சிங்களத்தில் சொன்னான். சாரதி தன் கைகளைப் பார்த்தான். ஏற்றுமுன் லேபல்களைச் சுரண்டியவை அந்தக் கைகள்தான்.

"லொறிய உள்ளுக்கு எடு!" ஹியூபேட் கத்தினார்.

அவன் சாவியைத் திருகினான். எஞ்சின் அடங்கியது. இறங்கி வந்து, "கொஞ்சம் தள்ளுங்க நங்கி" என்று தங்கையிடம் சொல்வதுபோல் சொல்லி, துஷாந்தினியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.