தலைப்புக்குக் கீழே இருந்த படம்

நிறுவனத்தின் இதழை வடிவமைக்கும் அவளுக்கு அலுவலகத்தில் 'அளவுகோல்' என்று பட்டப்பெயர். யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும், "எல்லாம் ஒரே கோட்டுல நிக்கணும், பக்கம் மூச்சு விடணும்" என்பாள். பம்பு தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்த அவளுடைய சித்தப்பாதான் சொல்லிவைத்து வேலை வாங்கிக் கொடுத்தவர். அவர் ஓய்வு பெறும்போது வரும் இதழில் அவர் படத்தைப் பெரிதாகப் போட ஆசைப்பட்டாள்.

போடவும் செய்தாள். இடப்பத்தியில் இஸ்திரிச் சட்டையோடு சிரிக்கும் சித்தப்பா, அடியில் சின்ன எழுத்தில் வாழ்த்து. வலப்பத்தியில், ஓடாத இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்ட செய்தி. அந்தச் செய்தியின் தலைப்பு வலப்பத்திக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்க மனமில்லாமல், இடது ஓரத்திலிருந்தே தொடங்கிப் பக்கம் முழுக்க நீட்டிவிட்டாள். பக்கம் எடுப்பாக இருந்தது. தலைப்பை அவள் வடிவமாகப் பார்த்தாளே தவிர, வாசிக்கவில்லை.

பிரிவு உபசாரக் கூட்டத்தில் நாற்காலிக்கு ஒன்றாக இதழ் வைத்திருந்தார்கள். பின்வரிசையில் யாரோ மெதுவாக வாசித்தார்: "காலாவதியானவை கழிக்கப்பட்டன." அடக்கிய சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அவள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பெரிய எழுத்துகளுக்கு நேர் கீழே சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் திரும்பி, "என்னம்மா இது?" என்றார்.

"நான் இப்படிக் குடுக்கல சார். அச்சகத்துல மாத்திட்டாங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த சித்தப்பா அதைக் கேட்டார். பேச அழைத்தபோது, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த உரையை அவர் எடுக்கவே இல்லை.

"எங்க வீட்டுப் பொண்ணு வேலைல சுத்தம். இது அந்த அச்சகக்காரர் பண்ண கோளாறு. அவருக்கு இனிமே நம்ம வேலையைக் குடுக்காதீங்க. போகும்போது நான் கேக்குறது இது ஒண்ணுதான்."

கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். தன் கைகளைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். சித்தி தட்டு வைத்தாள். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சித்தப்பா, அச்சகத்துல எதையும் மாத்தல. நான்தான் அப்படி வச்சேன். பயத்துல அவங்க மேல பழியப் போட்டுட்டேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"படத்தை வச்சது தெரியாம நடந்தது. அதை விடு. அத்தனை பேர் முன்னாடி ஒரு மனுஷன் பொழப்புல என்னை மண்ணள்ளிப் போட வச்சிட்டியே."

சித்தி ஏதோ சமாதானம் சொல்ல வந்தாள். அவர் கை கழுவிவிட்டு, "அச்சகம் திறந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

திறந்திருந்தது. அதற்குள் மேலாளரின் போன் வந்துவிட்டிருந்தது. அச்சகக்காரர், அவள் அனுப்பிய பக்கத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. சித்தப்பா முதலில் மன்னிப்புக் கேட்டார். வயதில் மூத்தவர் கைகூப்பி நிற்பதைப் பார்த்து அவள் குறுகிப்போனாள்.

"நீங்க ஏன் சார்?" என்றார் அச்சகக்காரர். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு போன் போட்டு, தப்பாயிடுச்சுன்னு சொல்லியிருந்தா, திட்டுக்கூட நானே வாங்கியிருப்பேனேம்மா."

அவளும் மன்னிப்புக் கேட்டாள். திரும்பி வந்ததும் சித்தப்பா வாசலில் நின்று, "நாளைக்கு மேனேஜர்கிட்டச் சொல்லிடு. நான் அங்க இருக்கமாட்டேன்" என்றார்.

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அதிகம் திட்டவில்லை. எல்லோருக்கும் உண்மையை எழுதி அனுப்பச் சொன்னார், அச்சகத்தை மாற்றவில்லை. இதழை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

சித்தப்பா ஒரு மாதம் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் போன் செய்து, வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஆளை அனுப்பி வைக்காமல், அவளே கூட்டிக்கொண்டு போனாள்.