கையில் இல்லாத பிள்ளை

றோலண்ட், இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர். எழுபத்தொன்பதாம் ஆண்டு மாதா கோயில் மண்டபத்தில் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். எல்லாம் எழுபத்து நான்காம் ஆண்டுப் பஞ்சத்தில் தேயிலைத் தோட்டங்களில் அவர் பார்த்த மனிதர்கள். கண் இருக்கும் இடம் குழியாக, கழுத்து கயிறாக முறுகி நின்றார்கள். வந்தவர்கள் படங்களுக்கு முன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

நடுச்சுவரில் ஒரு பெண். வாயை அகலத் திறந்து, எதையோ ஏந்துவதுபோல இரு கைகளையும் மடித்திருந்தாள். கைகளுக்குள் ஒன்றுமில்லை. அந்த வெறுமைதான் மனதைப் போட்டு உலுக்குகிறது என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சொன்னபோது, றோலண்டுக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் பின்னேரம், நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு வந்தாள். தன்னை வரைந்து மாட்டியிருப்பதாக யாரோ சொல்லிக் கேட்டு வந்திருந்தாள். நடுச்சுவரின் முன் வெகுநேரம் நின்றாள்.

"இது நான்தானே சேர்?"

"ஆமாங்கம்மா. உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"அது கெடக்கட்டும். எம் புள்ள எங்க?"

றோலண்ட் படத்திலிருந்த வெறுங்கைகளைப் பார்த்தார். அன்று, பஞ்சத்தின்போது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் செத்துப்போன மகனை ஏந்திக்கொண்டு அவள் அழுதாள். அவர் சற்றுத் தள்ளி நின்று வரைந்தார். பிறகு வீட்டில் வைத்துத் தீட்டியபோது, பிள்ளை இல்லாவிட்டால் படம் இன்னும் எடுப்பாக இருக்குமென்று அவனை வரையாமல் விட்டுவிட்டார்.

"வெறுங்கைய மடிச்சுக்கிட்டு கத்துறேன். பாக்குறவங்க பைத்தியம்னுல்ல நெனப்பாங்க."

"இப்பவே கழட்டிடுறேன்மா."

"கழட்ட வேணாம். அவன வைங்க."

"அவன் மொகம் எனக்கு ஞாபகம் இல்ல."

சொல்லும்போதே அவருக்குக் கூசியது. அவள் வாயோரத்துச் சுருக்கம்கூட ஞாபகம் இருந்தது.

"நான் சொல்றேன்," என்று அவள் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

றோலண்ட் தூரிகைகளை எடுத்துவந்தார். நெற்றி அகலம் என்றாள். இடது காது மடிந்திருக்கும் என்றாள். அவர் தீட்டினார், துடைத்தார், திரும்பத் தீட்டினார்.

"இல்ல சேர், இது வேற யார் புள்ளையோ," என்றாள் ஒருமுறை.

வெளிச்சம் மங்கியதும் பஸ்ஸுக்கு எழுந்தாள்.

"இப்ப அவனாட்டம் இருக்காம்மா?"

அவள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. "அழகன்னு பேரு. கீழ எழுதிடுங்க."

அவர் எழுதினார். காட்சியின் மீதி நாட்களில் யாராவது அந்தப் படத்தைப் பாராட்ட வந்தால், றோலண்ட் கேட்காததுபோல வெளியே போய்விடுவார்.